எல்லைப் பலகைக்கு உள்ளே பாடியவர்கள்

மேடைக்குப் பின்னால் ஒரு நகரம் மின்னுகிறது. உயர்ந்த கட்டடங்களின் சன்னல்களில் விளக்குகள், நடுவே சட்டமன்ற மாளிகையின் கவிகை மாடம், மேலே கருநீல இரவு. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 'ஆஸ்டின் சிட்டி லிமிட்ஸ்' பார்த்த பலர், டெக்சாஸ் தலைநகரில் ஏதோ ஒரு திறந்தவெளியில் இந்தக் கச்சேரிகள் நடக்கின்றன என்றே நம்பியிருந்தார்கள். அது ஸ்டுடியோவுக்குள் செய்து நிறுத்திய பின்னணி. கச்சேரி நடந்தது டெக்சாஸ் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் ஆறாம் மாடியில், ஸ்டுடியோ 6ஏ என்ற மூடிய கூடத்தில்.

அந்தப் பின்னணி 1982இல்தான் வந்தது. அதற்கு முன் ஆறேழு ஆண்டுகள் நிகழ்ச்சி நடந்திருக்கிறது. அப்போதைய பதிவுகளில் பாடகருக்குப் பின்னால் தெரிவது மனிதர்கள்: படிகளிலும் தரையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க் கூட்டம். ஊரை வரைந்து காட்ட வேண்டிய தேவை அன்று இல்லை. அரங்கம் அமைத்தவர்கள் இதையெல்லாம் எண்ணிச் செய்திருக்க மாட்டார்கள். என்றாலும் இந்தத் தொடரை மதிப்பிட உட்காரும்போது முதலில் கண்ணில் படுவது இந்த மாற்றம்தான். ஊர் மக்கள் இருந்த இடத்தில் ஊரின் படம் வந்தது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் மிக நீண்டகாலம் ஓடிக்கொண்டிருக்கும் இசைத்தொடர் இது. 2003இல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கம் பெற்றது. அந்தப் பதக்கத்தைப் பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி வேறு இல்லை. புகழுக்கு நம் சான்று தேவையில்லை. ஒரு நிலத்தின் பாடகர்களையும் இசை மரபையும் காட்டுவதற்காகப் பிறந்த நிகழ்ச்சி, அந்தப் பொறுப்பை எந்த அளவுக்கு நிறைவேற்றியது என்ற கேள்விதான் என்னுடையது. புகழுரைகளுக்கு நடுவே இது பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது.

அளப்பதற்கு ஒரு கோல் வேண்டும். நிலத்தையும் பாட்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கத் தொல்காப்பியத்தைவிட நுட்பமான கோல் எனக்குத் தெரியாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தின் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில், பறை, யாழ் எல்லாம் கருப்பொருள். அங்கே வாழும் மனிதரின் உணர்வு உரிப்பொருள். பாட்டுக்குள் வரும்போது முதலைவிடக் கருவும், கருவைவிட உரியும் சிறந்து நிற்கும். இசைக்கருவியைக் கருப்பொருளில் வைத்ததைக் கவனியுங்கள். பறையும் யாழும் அந்த மண்ணில் விளைந்த பொருள்கள் என்று கண்டவர்களின் பார்வை அது. இந்தக் கோலால் அளந்தால், மின்னும் நகரப் பின்னணி வெறும் முதற்பொருள், அதுவும் வரைந்து வைத்தது. கருவும் உரியும் எங்கிருந்து வருகின்றன என்பதே கேட்க வேண்டியது. இதை எளிய சோதனையாகவும் செய்து பார்க்கலாம்: பின்னணியை மறைத்துவிட்டுக் கேட்டால் நாம் எந்த மண்ணில் இருக்கிறோம் என்பது தெரிகிறதா?

தொடக்கத்தில் நன்றாகத் தெரிந்தது. 1970இல் ஆஸ்டினின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,50,000. நாஷ்வில்லின் பாட்டுத் தொழிற்சாலையில் மனம் கசந்து டெக்சாஸ் திரும்பிய பாடகர் வில்லி நெல்சன் 1972இல் அங்கே குடியேறினார். பழைய ஆயுதக் கிடங்கு ஒன்று 1970இலேயே 'ஆர்மடில்லோ வேர்ல்டு ஹெட்குவார்ட்டர்ஸ்' என்ற இசைக்கூடமாகியிருந்தது. நீள்முடி வளர்த்த கல்லூரி இளைஞர்களும் தொப்பி போட்ட பண்ணைக்காரர்களும் ஒரே கூரையின் கீழ் நின்று ஒரே பாட்டைக் கேட்டார்கள். அன்றைய அமெரிக்காவில் இது அரிய காட்சி. உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சி நிலையமான கே.எல்.ஆர்.என்.னில் நிகழ்ச்சிப் பொறுப்பிலிருந்த பில் ஆர்ஹோஸ், இயக்குநர் புரூஸ் ஸ்கேஃப், தயாரிப்பாளர் பால் பாஸ்னர் மூவரும் இதைத் திரையில் கொண்டுவர நினைத்தார்கள். டல்லாஸிலிருந்து காரில் வந்துபோன பாஸ்னரின் கண்ணில் பட்ட நகர எல்லைப் பலகைதான் தொடருக்குப் பெயர் தந்தது என்பார்கள்.

1974 அக்டோபரில் முதலில் பாடகர் பி.டபிள்யூ. ஸ்டீவன்சனை வைத்துப் பதிவு செய்தார்கள். கூட்டம் போதவில்லை, பதிவு பயன்படவில்லை. சில நாள் கழித்து, அக்டோபர் 17 அன்று, வில்லி நெல்சன் வந்தார். அந்தப் பதிவே முன்னோட்ட நிகழ்ச்சியாகி, 1975இல் பி.பி.எஸ். என்ற பொதுத் தொலைக்காட்சி வலைப்பின்னலின் நிலையங்கள் நேயர்களிடம் நன்கொடை திரட்டும் நாட்களில் நாடெங்கும் காட்டப்பட்டது. பணம் நன்றாக வந்தது. 1976இல் முழுத் தொடர் பிறந்தது.

அந்த முன்னோட்டத்தை இன்று பார்த்தாலும் வடிவத்தின் துணிச்சல் வியக்க வைக்கிறது. தொகுப்பாளர் இல்லை. நேர்காணல் இல்லை. 'இப்போது நம்முன் வரப்போகிறவர்' என்ற முழக்கம் இல்லை. ஒருவர் வருகிறார், பாடுகிறார், பாட்டு முடியும்வரை கேமரா அவரோடு இருக்கிறது. சி.பி.எஸ். வலைப்பின்னலில் 1969இல் தொடங்கிய 'ஹீ ஹா'வை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நாட்டுப்புற இசைக்கலைஞர் வைக்கோல் போருக்கும் கோமாளி உடைக்கும் நடுவேதான் பாட முடியும். பக் ஓவன்ஸ் போன்ற பெரும் கலைஞரே நகைச்சுவைத் துணுக்குகளுக்கு இடையில் வாசித்தார். கிராமத்தான் என்றால் சிரிக்க வைக்க வேண்டும் என்று வணிகத் தொலைக்காட்சி எழுதி வைத்திருந்த விதியை ஆஸ்டின் நிகழ்ச்சி ஒரு வார்த்தை விவாதமின்றி ஒதுக்கியது. பாடகரை அவருடைய பாட்டின் அளவுக்கு மதித்தது. தொடரின் முதல் பெருமையாக நான் வைப்பது இதைத்தான், அது பெற்ற விருதுகளை அல்ல.

ஆனால் மதிப்போடு மௌனமாக இருப்பது வேறு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது வேறு. தொடரின் மௌனம் எங்கே முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நழுவுகிறது என்பதைக் காட்ட நல்வாய்ப்பாக ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. லெஸ் பிளாங்க் என்ற ஆவணப்பட இயக்குநர் ஏறக்குறைய அதே காலத்தில், அதே மண்ணில், அதே மனிதர்களைப் படம் எடுத்திருக்கிறார். ப்ளூஸ் கலைஞர் லைட்னின் ஹாப்கின்ஸைப் பற்றி 1960களின் இறுதியில் ஒரு படம். கிளிஃப்டன் ஷெனியேவைப் பற்றி 1973இல் 'ஹாட் பெப்பர்'. கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் தயாரித்த 'சூலாஸ் ஃபிரோன்தேராஸ்' 1976இல் வந்தது; டெக்சாஸ்-மெக்சிகோ எல்லை இசையைப் பற்றிய அந்தப் படத்தில் ஃபிளாக்கோ ஹிமெனெஸ் இருக்கிறார். இம்மூவருமே ஆஸ்டின் மேடையின் தொடக்கப் பருவங்களிலும் வாசித்தவர்கள். ஒரே கலைஞரை இரண்டு கண்கள் பார்த்திருக்கின்றன.

ஹிமெனெஸிலிருந்து தொடங்குகிறேன். சான் அந்தோனியோவில் 1939இல் பிறந்தவர். தாத்தா பத்ரிசியோ, டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியரிடமிருந்து பட்டன் அக்கார்டியன் கற்றவர். தந்தை சாந்தியாகோ அந்தக் கருவியை வைத்தே கொன்ஹூந்தோ இசையின் முன்னோடிகளில் ஒருவரானார். பன்னிரண்டு தந்தி கொண்ட பாஹோ செக்ஸ்தோ, அக்கார்டியனுக்குத் தோள் கொடுத்துத் தாளத்தையும் அடிநாதத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஜெர்மானிய விவசாயியின் போல்கா மெக்சிக்கத் தொழிலாளியின் வீட்டுக் கல்யாணத்தில் புகுந்து வேறொன்றாக மாறிய கதை இது. ஆஸ்டின் மேடையில் ஹிமெனெஸின் விரல்கள் பொத்தான்களில் ஓடுவதைக் கேமரா அழகாகப் பிடிக்கிறது. ஒரு சுரத்தைத் தொட்டு உதறி அடுத்ததற்குத் தாவும் அந்தத் துள்ளல் முழுப் பாட்டாக நமக்குக் கிடைக்கிறது. பிளாங்கின் படத்தில் இத்தனை முழுமையாகப் பாட்டு கிடைக்காது. பாதியில் வெட்டி வேறு காட்சிக்குப் போய்விடுவார். ஆனால் அந்த வேறு காட்சிகளில் என்ன இருக்கிறது? வெயிலில் குனிந்து அறுவடை செய்யும் கூலிகள். சமையலறையில் கூடிச் சமைக்கும் குடும்பம். வயலிலிருந்து வயலுக்கு அலைந்த வாழ்க்கையைத் தாங்களே சொல்லும் பெரியவர்கள். அந்தப் போல்காவுக்கு ஆடுகிறவர்கள் வாரம் முழுக்க என்ன செய்தார்கள் என்பதைப் படம் காட்டுகிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு துள்ளலுக்கு அடியில் இருக்கும் களைப்பும் காதில் விழத் தொடங்குகிறது.

ஷெனியேவிடமும் இதே பாடம். லூசியானாவின் பிரெஞ்சு பேசும் கறுப்பின மக்களின் ஜைடிகோ இசைக்கு அவர்தான் அரசர். தலையில் கிரீடமே வைத்துக்கொண்டு வாசித்தவர். அவருடைய அண்ணன் கிளீவ்லண்ட், துணி துவைக்கும் நெளிதகடு போன்ற ஒன்றை மார்பில் கவசமாக மாட்டி, சோடா மூடி திறப்பான்களால் சுரண்டித் தாளம் போடுவார். வீட்டுப் பொருள் எப்படி வாத்தியமாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். கருப்பொருள் என்பதன் உயிருள்ள உருவம் அது. ஆஸ்டின் மேடையில் அந்தத் தகட்டின் ஓசை துல்லியமாகக் கேட்கிறது. அந்தத் தகடு எந்த வீட்டின் பின்கட்டிலிருந்து வந்தது என்பதை மேடை சொல்வதில்லை.

ஹாப்கின்ஸ் விஷயத்தில் மட்டும் நான் மேடையின் பக்கம் சாய்கிறேன். பன்னிரண்டு அளவு ப்ளூஸ் என்ற கணக்கு அவரைக் கட்டுப்படுத்தியதில்லை. மனம் விரும்பிய இடத்தில் அடியை நீட்டுவார், குறைப்பார், உடன் வாசிப்பவர்கள் அவர் கையைப் பார்த்தே மாற வேண்டும். அந்த எதிர்பாராமையை முழுப் பாட்டாகக் கேட்டால்தான் புரியும். வெட்டி ஒட்டிய ஆவணப்படத்தில் அது வழக்கமான ப்ளூஸாகக் காதில் விழுந்துவிடக்கூடும். 1979இல் ஆஸ்டினில் அவர் வாசித்ததைப் பதிவு செய்தவர்கள், வயதான ஒரு மேதையின் காலக்கணக்கைக் குலையாமல் காப்பாற்றித் தந்தார்கள். மூன்று ஆண்டுகளில், 1982இல், அவர் இறந்துபோனார்.

ஆக, இரண்டு கண்களும் குறையுடையவை. ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. பிளாங்கிடம் மரபு கிடைக்கிறது, பாட்டு சிதறுகிறது. ஆஸ்டினில் பாட்டு முழுசாகக் கிடைக்கிறது, மரபு பாடகரின் உடலுக்குள் அடங்கி நிற்கிறது. ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரருக்கு இது குறையே அல்ல; கொன்ஹூந்தோ எங்கே பிறந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். பாஸ்டனிலோ சியாட்டிலிலோ பார்த்தவருக்கு அது ஓர் இனிய, வேர் தெரியாத ஓசை. ஊருக்கான மௌனத்தை மாற்றமின்றி நாட்டுக்கும் அனுப்பினார்கள். தொடரின் அடிப்படைப் பிழை என்று நான் கருதுவது இதுவே. அவர்கள் பாடகர்களைக் காட்டினார்கள். மரபு என்பதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளவே இல்லை. எடுத்துக்கொள்ளாத ஒன்று நாளடைவில் கைநழுவினால் யாருக்கும் தெரியாது.

நகரத்துக்குள்ளேயே இன்னோர் எல்லை இருந்தது. 1928ஆம் ஆண்டின் நகரத் திட்டம் கறுப்பின மக்களைக் கிழக்கு ஆஸ்டினுக்குத் தள்ளியது. பள்ளியும் பூங்காவும் அங்கே மட்டுமே அவர்களுக்கு என்றாக்கி, போகாமல் இருக்க முடியாதபடி செய்தார்கள். 1960களின் தொடக்கத்தில் நெடுஞ்சாலை ஒன்று அந்தக் கோட்டைக் கான்கிரீட்டில் வரைந்து முடித்தது. அதற்குக் கிழக்கே, பதினோராம் தெருவில், 1945இல் தொடங்கிய 'விக்டரி கிரில்' என்ற விடுதி. கறுப்பினக் கலைஞர்கள் ஊர் ஊராகச் சென்று வாசித்த வட்டத்தில் முக்கியமான நிறுத்தம் அது. ஆர்மடில்லோவுக்குக் கால் நூற்றாண்டு முந்தியது. ஆஸ்டினின் இசைப் பெருமையை ஆர்மடில்லோவிலிருந்து எண்ணத் தொடங்குகிறவர்கள் பாதி நகரத்தின் வரலாற்றைத் தவறவிடுகிறார்கள். தொடரும் பெரும்பாலும் அங்கிருந்துதான் எண்ணியது.

ப்ளூஸ் கலைஞர் டபிள்யூ.சி. கிளார்க்கின் கதை இதற்குச் சாட்சி. கிழக்கு ஆஸ்டினில் 1939இல் பிறந்து அங்கேயே வாசித்து வளர்ந்தவர். வாசிப்பை ஒதுக்கிவைத்துக் கார் பழுது பார்த்துக்கொண்டிருந்தவரை இளைஞரான ஸ்டீவி ரே வான் மீண்டும் மீண்டும் போய்ப் பார்த்துத் தன் குழுவுக்கு அழைத்துவந்தார். வானின் புகழ்பெற்ற பாடல்களில் ஒன்றான 'கோல்ட் ஷாட்' கிளார்க் இணைந்து எழுதியது. வான் 1983இல் ஆஸ்டின் மேடையேறினார். கிளார்க்குக்கென்று அந்த மேடை 1989இல்தான் திறந்தது, அவருடைய ஐம்பதாம் பிறந்த நாளையொட்டி. ஸ்டீவி ரே வான், அவர் அண்ணன் ஜிம்மி வான், கிம் வில்சன், லூ ஆன் பார்ட்டன், ஏஞ்சலா ஸ்ட்ரெலி என்று ஆஸ்டின் ப்ளூஸின் வரிசையே அவரைச் சூழ்ந்து நின்றது. நிகழ்ச்சி அருமையானது. பின்னணியில் நகர விளக்குகள் மின்னினாலும் அவை தேவைப்படவே இல்லை. கண்ணை மூடினால் ஊர் தெரிகிறது. என் சோதனையில் முழு மதிப்பெண் பெறும் பதிவுகளில் இது ஒன்று. ஆனாலும் மனம் ஆறவில்லை. ஊரின் மூத்த கலைஞர், ஊரின் பெயரைத் தாங்கிய நிகழ்ச்சியில் தனக்கென ஒரு நாளைப் பெற முன்னோட்டத்திலிருந்து 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. தன் தோளில் ஏறிப் புகழடைந்தவர்கள் சூழ வந்த பிறகுதான் அந்த நாள் வந்தது. பாடகரின் புகழே வாசல் என்றாகிவிட்டால் மரபின் வரிசை தலைகீழாகிறது. பிள்ளை முன்னே வந்து தந்தைக்கு அறிமுகம் சொல்கிறான்.

இந்த நழுவலுக்கு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை; காரணம் அமைப்பிலேயே இருந்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி, தலைநகரிலிருந்து ஆளப்படுவதல்ல; ஊர் நிலையங்களின் கூட்டு. அதனால்தான் ஆஸ்டின் போன்ற நடுத்தர நகரம் ஒன்று நாடு பார்க்கும் தொடரைத் தயாரிக்க முடிந்தது. டெல்லி கண்ணசைத்தால்தான் என்ற நம் அனுபவத்துக்கு இது பொறாமை தரும் ஏற்பாடு. ஆனால் 1970களின் நடுவிலிருந்து நிலையங்கள் தங்கள் பணத்தைக் கொண்டு வாக்களித்தே நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்தன. டெக்சாஸ் நிகழ்ச்சி பிழைக்க வேண்டுமென்றால் ஓஹையோவும் ஓரிகனும் அதை வாங்க வேண்டும். ஓரிகன்காரருக்குக் கிளிஃப்டன் ஷெனியே யாரென்று தெரியாது. வானொலியில் கேட்ட நாஷ்வில் நட்சத்திரம் தெரியும். ஊருக்காகப் பிறந்து பிற ஊர்களின் பணத்தில் வாழும் நிகழ்ச்சிக்கு இந்த இழுப்பு ஒவ்வோர் ஆண்டும் இருக்கும். 1980களில் நாஷ்வில் நட்சத்திரங்கள் பெருகினார்கள். 2000களில் ராக் குழுக்கள் வந்தன: 2005இல் கோல்ட்பிளே, 2008இல் ஆர்.இ.எம்., 2009இல் பேர்ல் ஜாம், 2012இல் ரேடியோஹெட். 1978லிருந்து தொடரின் தயாரிப்பில் நிலைத்து நின்ற டெரி லிகோனாவின் ரசனை அகன்றது. அவர் இல்லாவிட்டால் தொடரே நின்றிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அகலம் கூடக்கூட வேர் மெலிந்ததும் உண்மை.

சின்னதாகத் தோன்றும் ஒரு மாற்றத்தைக் குறிப்பிட வேண்டும். 1977 முதல் 2004 வரை தொடரின் முகப்புப் பாடல் கேரி பி. நன் எழுதிய 'லண்டன் ஹோம்சிக் ப்ளூஸ்'. லண்டனின் குளிரில் மாட்டிக்கொண்ட டெக்சாஸ்காரன் ஒருவன் ஊருக்குப் போக ஏங்கும் பாட்டு. ஏக்கத்தின் நுனியில் நிற்பது ஆர்மடில்லோ இசைக்கூடம். அந்தக் கூடமோ 1980இன் கடைசி இரவோடு மூடப்பட்டது. இல்லாமல் போன இடத்துக்காக ஏங்கும் பாட்டு அதன் பிறகும் 23 ஆண்டுகள் நிகழ்ச்சியைத் திறந்து வைத்தது. உரிப்பொருள் என்று நான் சொல்வது இதைத்தான். அந்தப் பாட்டை நீக்கியபோது, பாடகர் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் நிகழ்ச்சிக்கென்று இருந்த சொந்த உணர்வு போயிற்று.

பெயருக்கு மட்டும் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. நகராட்சி 1991இல் ஆஸ்டினை 'உலகின் நேரடி இசைத் தலைநகரம்' என்று அறிவித்துக்கொண்டது. 2002இல் தொடரின் பெயரில் ஸில்கர் பூங்காவில் பெருவிழா தொடங்கியது. 2011இல் ஸ்டுடியோ 6ஏயை விட்டு, நகர மையத்தில் 2,750 பேர் அமரும் மூடி தியேட்டருக்குத் தொடர் குடிபெயர்ந்தது. முந்தைய கூடம் இதில் ஒரு சிறு பங்குதான்.

தொடரின் பக்கம் நின்று பேசுகிறவர்களிடம் வலுவான வாதங்கள் உண்டு. நகரமே மாறிவிட்டது என்பது ஒன்று. 2020 கணக்கெடுப்பில் ஆஸ்டினின் மக்கள்தொகை 9,60,000ஐத் தாண்டிவிட்டது. புதிதாக வந்தவர்களின் இசையும் இனி ஆஸ்டின் இசைதானே என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். மரபு உறைந்த பொருள் அல்ல. ஹிமெனெஸின் தாத்தா ஜெர்மானியரிடம் கற்றதும் ஒருகாலத்தில் புதுமைதான். ஆனால் அந்தக் கலப்பு அந்த மண்ணில் நடந்தது, இரண்டு மக்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததால் விளைந்தது. உலகப் பயணத்தின் நடுவே ஒரு மாலை வந்து வாசித்துவிட்டு விமானம் ஏறுகிற குழுவால் அது விளையாது.

வெளியூர்க் கலைஞர்களின் நிகழ்ச்சிகளும் உயர்ந்தவை என்பது இன்னொரு வாதம். இதில் எனக்கு மறுப்பே இல்லை. 2015இல் கென்ட்ரிக் லமார் அந்த மேடையில் நின்றபோது அவர் குரலில் காம்ப்டன் நகரின் தெருக்கள் இருந்தன. அவருக்கு அவர் நிலம் உண்டு. முழுப் பாட்டையும் குறுக்கிடாமல் கேட்கும் பழைய ஒழுக்கம் அவருக்கும் கிடைத்தது. வெளியூர்க்காரர் வந்ததை நான் குறை சொல்லவில்லை. ஆண்டுக்குப் பதின்மூன்று நிகழ்ச்சிகள் என்று சுருங்கிய தொடரில் ஒவ்வோர் இடமும் விலையுயர்ந்தது. உலகின் எந்த மேடையும் ஏற்றுக்கொள்ளும் ஒருவருக்கு அந்த இடம் போகும்போது, வேறு மேடையே இல்லாத ஒருவர் வெளியே நிற்கிறார்.

பிழைத்திருப்பதற்கான விலை இது என்பார்கள் கடைசியாக. இந்த வாதத்தை இலேசாகத் தள்ள முடியாது. செத்துப்போன நிகழ்ச்சி எந்த மரபையும் காப்பாற்றாது. ஆனால் விழாவும் புது அரங்கும் பெயருக்குப் பெரும் வலிமை சேர்த்த பிறகும் இந்த வாதத்தை அதே சுருதியில் சொல்ல முடியுமா? வறுமையில் விட்டுக்கொடுத்ததை வளம் வந்தபின் மீட்டிருக்கலாம். ஆண்டுக்கு இரண்டே நிகழ்ச்சிகளை டெக்சாஸின் ஒரு மரபுக்கென்று ஒதுக்கி, அந்த மரபின் ஊருக்கே கேமராவைக் கொண்டுபோயிருக்கலாம். பின்னாளில் உருவாக்கிய புகழ்க்கூடத்தில் 2015இல் ஹிமெனெஸுக்கு இடம் தந்தார்கள். நல்லது. மண்டபத்தில் படம் மாட்டுவதும், அவர் வழியில் வாசிக்கும் இருபது வயதுக்காரருக்கு ஒரு மணி நேரம் கொடுப்பதும் ஒன்றல்ல.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. பாடுகிறவரைப் பதிவு செய்யும் கலையில் இந்தத் தொடர் முதல் தரம், இன்றுவரை. பாட்டைச் சிதைக்காமல், பாடகரைக் கேலிப்பொருளாக்காமல், பேச்சால் மூடாமல் இத்தனை நீண்ட காலம் ஒரே ஒழுக்கத்தைக் காத்த வேறொரு நிகழ்ச்சியை நான் அறியேன். ஒரு நிலத்தின் இசை மரபைக் காட்டும் தொடராக அதற்கு முதல் ஏழெட்டு ஆண்டுகளுக்கு மட்டுமே உயர்ந்த இடம் தருவேன். அந்த ஆண்டுகளிலும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே பார்க்கத் தவறியதைக் கழித்துக்கொண்டுதான். பிந்தைய பருவங்களில் கிளார்க் நிகழ்ச்சி போன்றவை தீவுகள். மற்றவை சிறந்த கச்சேரிகள். எந்தப் பெருநகரிலும் நடந்திருக்கக்கூடியவை. மரபின் காவலன் என்ற பட்டத்தை முழுத் தொடருக்கும் விரித்துப் போர்த்துவது முதல் பருவங்களுக்கே செய்யும் அநீதி. அவை எவ்வளவு தனித்தவை என்பது அந்தப் போர்வைக்குள் மறைந்துவிடுகிறது.

2025இல் அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கான 110 கோடி டாலர் நிதியைத் திரும்பப் பெற்றதும், அந்த நிதியைப் பகிர்ந்தளித்த கழகம் தன்னைக் கலைத்துக்கொள்ளத் தொடங்கியது. பெரிய பெயர் கொண்ட இந்தத் தொடர் தாக்குப்பிடிக்கும். இன்று ஏதோ ஒரு சிறு நகர நிலையத்தில், பில் ஆர்ஹோஸ் உட்கார்ந்திருந்ததைப் போன்ற ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தன் ஊரின் பாட்டைத் திரையில் கொண்டுவர நினைக்கும் ஒருவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்குமா என்பதுதான் என் கவலை.

தொடரைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் காட்டுவது 1976இன் முதல் நிகழ்ச்சி. வெள்ளையரின் ஃபிடில் நடனம், பருத்திக்காட்டில் கறுப்பினத் தொழிலாளரிடம் கேட்ட ப்ளூஸ், ஜாஸ், எல்லை கடந்துவந்த மெக்சிக்க மெட்டு எல்லாவற்றையும் ஒரே நடன இசையாக்கி டெக்சாஸ் முழுவதையும் ஆட வைத்தவர் பாப் வில்ஸ். அவர் 1975 மே மாதம் இறந்திருந்தார். எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவரோடு வாசித்த டெக்சாஸ் பிளேபாய்ஸ் குழுவின் பழைய கலைஞர்கள் மேடையில். அதே நிகழ்ச்சியில் அவர்கள் இசையைக் கற்றுத் தங்களுடையதாக்கிக்கொண்ட நீள்முடி இளைஞர்கள், அஸ்லீப் அட் த வீல் குழுவினர். யாரும் யாரையும் அறிமுகப்படுத்தவில்லை, யாரும் வரலாறு சொல்லவில்லை. பின்னால் நகர விளக்குகள் இல்லை. கிழவர்கள் வாசிக்கிறார்கள், சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆஸ்டின்காரர்கள் கேட்கிறார்கள்.